பருமனும் நிறமும்: குறைகடத்தி நுண்துகள் ஆய்வின் வரலாறு

ஒரு பொருளின் நிறத்தை நிர்ணயிப்பது அதன் இரசாயன அமைப்பே என்பது பொதுவாக நிலவிவரும் கருத்தாகும். பொருளை மாற்றாது அதன் பருமனை மட்டும் மாற்றியும் நிறத்தை மாற்றலாம் என்னும் உண்மை, அரசியல் எல்லையொன்றின் இரு புறத்தும் ஒருவரையொருவர் அறியாத இருவரால் தனித்தனியே கண்டறியப்பட்டது.

குறைகடத்தியொன்றின் மீது ஒளி படும்போது, போதிய சக்தியைப் பெறும் இலத்திரன் தன் நிலையினின்றும் உயர்நிலைக்குத் தாவுகின்றது. இவ்விரு நிலைகளுக்குமிடையேயுள்ள சக்தி இடைவெளியே எவ்வொளி உறிஞ்சப்படும் என்பதைத் தீர்மானிக்கின்றது. துகள் சில நனோமீற்றர் அளவுக்குச் சிறுக்கும்போது இலத்திரனின் இயக்கம் ஒடுங்கிய இடத்துள் அடைபடுகின்றது. அதனால் இடைவெளி அகல்கின்றது. துகள் சிறுக்கச் சிறுக்க அது உறிஞ்சும் ஒளி நீலப் பக்கமாக நகர்வது இதனாலேயாம். மிக நுண்ணிய துகள்களின் இயல்பு பெருந்துகள்களின் இயல்பினின்றும் வேறுபடும் என 1937ஆம் ஆண்டிலேயே ஹேர்பேட் புரோலிக் கோட்பாட்டளவில் எடுத்துரைத்தார். ஆயினும், அத்துணைச் சிறு துகள்களை ஆக்கி அளவிடுதல் அக்காலத்தில் எளிதன்று.

சான்று முதலில் கண்ணாடியிலிருந்து கிடைத்தது. ஒரே பொருளைச் சேர்த்தாலும், சூடாக்கும் முறைக்கும் குளிரவைக்கும் முறைக்கும் ஏற்பக் கண்ணாடியின் நிறம் வேறுபடுவதைக் கண்ணாடித் தொழிலாளர் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். லெனின்கிராட்டிலிருந்த வாவிலோவ் ஒளியியல் நிறுவனத்தில் அலெக்சி எகிமோவ் இதன் காரணத்தை ஆராயத் தலைப்பட்டார். செப்புக் குளோரைட்டுச் சேர்த்த கண்ணாடியை 500 முதல் 700 பாகை செல்சியசு வரையான வெப்பநிலைகளில், ஒரு மணி முதல் 96 மணி வரை அவர் சூடாக்கினார். ஏறத்தாழ 2 முதல் 30 நனோமீற்றர் வரையான பளிங்குத் துகள்கள் அதனுள் விளைந்திருந்ததை எக்ஸ் கதிர்கள் காட்டின. பெருந்துகள்கள் சாதாரண செப்புக் குளோரைட்டைப் போலவே ஒளியை உறிஞ்சின. சிறுதுகள்களின் உறிஞ்சலோ நீலப் பக்கமாக நகர்ந்திருந்தது. இம்முடிவு 1981இல் சோவியத் ஆய்விதழொன்றில் வெளியாயிற்று.

அவ்விதழ் மேற்குலக ஆய்வாளர் கைக்கு எளிதில் எட்டவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் லூயி புரூஸ், சூரிய ஒளியால் இரசாயனத் தாக்கங்களை நிகழ்த்தும் நோக்குடன், கரைசலில் மிதக்கும் கட்மியம் சல்பைட்டுத் துகள்களை ஆக்கிவந்தார். சிறிதுகாலம் மேசைமீது விடப்பட்டிருந்த கரைசலின் ஒளியியல் இயல்பு மாறியிருந்ததை அவர் கவனித்தார். அதனைப் பழுதெனத் தள்ளாது, துகள்கள் வளர்ந்துவிட்டமையே காரணமாகலாம் என ஊகித்து, ஏறத்தாழ 4.5 நனோமீற்றர்த் துகள்களையும் 12.5 நனோமீற்றர்த் துகள்களையும் ஒப்பிட்டார். லெனின்கிராட்டில் காணப்பட்ட அதே விளைவு 1983இல் இங்கும் வெளிப்பட்டது. எகிமோவின் ஆய்வை அவர் அப்போது அறிந்திருக்கவில்லை.

விளைவு தெளிவானபோதும், ஒரே பருமனுடைய குறைபாடற்ற துகள்களை ஆக்குதல் அரிதாகவே இருந்தது. புரூஸிடம் பயின்று, பின்னர் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திற் பணியாற்றிய மவுங்கி பவெண்டி 1993இல் தம் குழுவினருடன் இதற்குத் தீர்வு கண்டார். வெப்பமான கரைப்பானுள் மூலப்பொருள்களைத் திடீரெனச் செலுத்தியபோது எண்ணற்ற பளிங்குக் கருக்கள் ஒரே கணத்தில் தோன்றின. வெப்பநிலை வீழவே புதிய கருக்கள் தோன்றுவது நின்றது. மீண்டும் சூடாக்கியபோது தோன்றிய கருக்கள் யாவும் ஒருங்கே வளர்ந்தன. வேண்டிய பருமனில் வளர்ச்சியை நிறுத்துவதனால் வேண்டிய நிறத்தைப் பெறல் கைகூடிற்று. இன்று தொலைக்காட்சித் திரைகளிலும் உயிர்க்கல ஆய்வுகளிலும் பயன்படும் குவாண்டம் புள்ளிகளின் வளர்ச்சிக்கு இம்முறையே வழிவகுத்தது. எனினும், கட்மியத்தின் நச்சுத்தன்மை காரணமாக மாற்றுப்பொருள்களைத் தேடவேண்டியதாயிற்று.

2023ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு இம்மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. எகிமோவ் முதல் முடிவை வெளியிட்ட காலத்துச் சோவியத் ஒன்றியம் 1991இலேயே மறைந்துவிட்டது. அவரும் 1999இல் ஐக்கிய அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்திருந்தார். ஒரே உண்மை இருமுறை கண்டறியப்பட்டமை அதன் உறுதிக்குச் சான்றாயிற்று எனலாம். ஆயினும், ஒரு கண்டுபிடிப்பு அச்சேறுவதனால் மட்டும் உலகின் அறிவாகிவிடுவதில்லை. அது வாசகரைச் சென்றடைதலும் வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.