நூலிழையில் வந்த விடுதலை

அமரவிளைக்குத் தென்கிழக்கே, நாகர்கோவிலில் தழைத்த ரேந்தைப் பின்னற்கலையை இவ்வாண்டு விழா மலரில் நினைவுகூர்கின்றோம். 1819-இல் அங்கு வந்த இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார், தாம் நடத்திய பெண்கள் பள்ளியில் அதனைக் கற்பித்தார்.

துளையிட்ட கோலத்தாளைத் திண்டின்மேல் பொருத்தி, துளைதோறும் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னுவர். கோலத்திற்கேற்ற நூலைத் தெரிதல் இன்றியமையாதது. நூல் தடித்தால் பின்னற்கண் அடைபடும். மெலிந்தால் வடிவம் தளரும்.

அடிமைச் சிறுமியர் சிலர் இப்பின்னற்கூலியைச் சேர்த்தே தம் விலையைச் செலுத்தி விடுதலை பெற்றனர். திருவிதாங்கூர் அரசு அடிமைமுறையை ஒழித்ததோ 1855-இல்தான்!

1956-இல் மாநில எல்லை அமரவிளைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே வகுக்கப்பட்டது. எல்லை பிரித்தாலும், அம்மகளிரின் உழைப்பு இருபுறத்தார்க்கும் பொதுச் செல்வமன்றோ!