பெரியம்மாவின்ர கேத்தலும் எடிசனின் 110 வோல்ற்றும்

போன வருசம் ரொறன்ரோவிலிருந்து வந்த பெரியம்மா ஒரு கேத்தல் கொண்டுவந்தா. பிளக் பொருந்தவில்லை. கடையில் அடப்டர் ஒன்று வாங்கிப் பூட்டி சுவிட்சைப் போட்டோம். டப் எண்டொரு சத்தம், வீடு முழுக்கக் கரண்ட் போச்சு. கேத்தலும் அதோட சரி.

அங்கே 120 வோல்ற், இங்கே 230. அடப்டர் பிளக்கின் வடிவத்தை மாத்துமே தவிர வோல்ற்றை மாத்தாது. வோல்ற் இரட்டிப்புக்குக் கிட்ட ஏறினால் கேத்தல் இழுக்கும் வலு மூன்றரை மடங்குக்கும் மேலே போய்விடும். பௌதிகத்தின் பக்கம் தலைவைக்காத கலைப்பீடத்துக்காரி நான். எனக்கு வந்த கேள்வி வேற. இந்த இரண்டு இலக்கங்களையும் யார் தீர்மானிச்சது?

1882 செப்டெம்பர் 4 அன்று நியூயோர்க்கின் பேர்ள் வீதியில் எடிசனின் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அது கொடுத்தது ஏறத்தாழ 110 வோல்ற் நேரோட்டம். அந்தக் காலத்துக் காபன் இழை மின்குமிழுக்குத் தோதான அளவு அதுதான். ஆனால் வோல்ற் குறைஞ்சால் ஓட்டம் கூட வேணும்; ஓட்டம் கூடினால் தடிச்ச செப்புக் கம்பி வேணும். செப்போ விலை. அதனால் எடிசன் மூன்று கம்பி முறைக்குப் போனார். நடுக்கம்பிக்கும் ஓரக்கம்பிக்கும் இடையில் 110, இரண்டு ஓரங்களுக்கும் இடையில் 220. 1883இல் பென்சில்வேனியாவின் சன்பரியில் இதை நடைமுறைப்படுத்தினார்கள். பிறகு ஆடலோட்டம் வென்றது, எடிசனின் நேரோட்டம் தோற்றது. ஆனால் மூன்று கம்பி தோற்கவில்லை. 110 மெல்ல மெல்ல ஏறி 120 ஆனது, அவ்வளவுதான். இன்றைக்கும் கனடா வீடுகளில் மின்னடுப்புக்கும் உடுப்புக் காயவைக்கும் மெசினுக்கும் 240 போகுது. பெரியம்மாவின்ர வீட்டிலயும் 240 இருக்கு! கேத்தல் பூட்டுற இடத்திலதான் இல்லை.

பேர்லின் வேறு வழியில் போனது. 1899இல் அந்த நகரத்து மின் நிறுவனம் 220க்கு மாற முடிவெடுத்தது. வோல்ற் இரட்டிப்பானால் அதே வலுவுக்குப் பாதி ஓட்டம் போதும். அதே கம்பியில் வீணாகும் வலு நாலில் ஒன்றாகும். வாடிக்கையாளரின் பழைய சாமான்களை மாத்திக் கொடுத்த செலவைக் கம்பியில் மிச்சம்பிடித்த காசு ஈடுகட்டியது. அமெரிக்காவிலோ அதற்குள் 110 வோல்ற் மின்குமிழ்கள் எக்கச்சக்கமாகப் பரவிவிட்டன. முந்திக்கொண்டவன் பழசிலேயே மாட்டிக்கொண்டான் என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

திறீ பேஸ் கதையும் யேர்மனியில்தான் சூடுபிடித்தது. 1891இல் லவ்பன் என்ற ஊரிலிருந்து பிராங்க்பேர்ட் கண்காட்சிக்கு 175 கிலோமீற்றர் தூரம் மூன்று கட்ட மின்சாரத்தை அனுப்பிக் காட்டினார்கள். எங்கட ஆலைகளுக்கு வருகிற 400 வோல்ற் தனி இலக்கமில்லை. ஒவ்வொரு கட்டமும் 230தான். ஆனால் மூன்றும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வராததால் இரண்டு கட்டங்களுக்கு இடையில் 460 வராது, 1.732 மடங்கு, அதாவது 400 வரும். அதே கணக்கில் அமெரிக்காவின் 120, 208 ஆகிறது.

எனக்குப் பிடித்த பகுதி 230தான். ஐரோப்பியப் பெருநிலத்தில் 220, பிரித்தானியாவில் 240. இரண்டையும் ஒன்றாக்க நினைத்தவர்கள் நடுவில் 230 என்று எழுதினார்கள். பிரித்தானியா 1995இல் அதை ஏற்றது. ஏற்கத்தக்க வீச்சு 10 வீதம் மேலே, 6 வீதம் கீழே என்பதால் பழைய 240 அப்படியே உள்ளே அடங்கியது. கம்பியில் ஒண்டும் மாறேல்லை, கடதாசியில் மாறிச்சு.

உங்கட போன் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கோ. 100–240 என்று இருக்கும். 100 யப்பானுக்கு. பெரியம்மாவின்ர கேத்தலின் அடியிலயும் 120 எண்டு எழுதித்தான் இருந்தது. நாங்கள்தான் திருப்பிப் பாக்கேல்லை.