மண்டி மொஹல்லாவும் ஒரு தராசுச் சட்டமும்

மண்டி நமக்குத் தெரிந்த சொல்தான். அரிசி மண்டி, வெங்காய மண்டி. மொஹல்லா உருது, பேட்டை என்று வைத்துக்கொள்ளுங்களேன். மைசூர் மண்டி மொஹல்லாவில் என் மாமா பாத்திரக் கடை வைத்திருந்தார். இடம் வாடகைக்கு. சொந்தக்கார அம்மா மாடியில் குடியிருந்தார். கணவர் போன பிறகு கீழே இருந்த மூன்று கடை வாடகைதான் அவருக்குச் சோறு. மாமாவுக்கு வியாபாரம் ஓஹோ. ஆனாலும் சட்டம் பாதுகாத்தது மாமாவைத்தான்!

வாடகைக் கட்டுப்பாடு போர்க்காலத்தில் பிறந்த குழந்தை. 1915-ல் கிளாஸ்கோ பெண்கள் வாடகை தர மறுத்துப் போராடியதும் பிரிட்டன் அதைக் கொண்டுவந்தது. பம்பாய்க்கு 1918-ல் வந்தது. போர் முடிந்தது, சட்டம் முடியவில்லை. மைசூர் மாநிலம் 1961-ல் தனக்கென்று ஒரு முழுச் சட்டமே போட்டது.

அதில் எனக்குப் பிடித்தது 21-ம் பிரிவு. வீட்டுக்காரர் தன் சொந்தத் தேவைக்கு இடம் கேட்டால், தேவை உண்மை என்று நிரூபித்தால் மட்டும் போதாது. காலி செய்யச் சொன்னால் குடியிருப்பவருக்கு வரும் கஷ்டம் பெரிதா, சொல்லாவிட்டால் சொந்தக்காரருக்கு வரும் கஷ்டம் பெரிதா என்று நீதிபதி நிறுத்துப் பார்க்க வேண்டும். பாதி இடத்தை மட்டும் கொடுக்கச் சொல்லவும் வழி உண்டு. மாமியார் மருமகள் சண்டைக்குக்கூட இப்படி ஒரு பிரிவு இருந்தால் தேவலை :-)

ஆனால் அந்தத் தராசு காலி செய்யும் வழக்குக்குத்தான். தேங்கிப்போன வாடகையை யார் நிறுப்பது? பம்பாயில் 1940 செப்டம்பர் 1-ம் தேதி என்ன வாடகையோ, அதுவே அளவுகோல். அரை நூற்றாண்டு கழித்தும்! 1997 டிசம்பரில் மல்பே விஸ்வநாத் ஆச்சார்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: போட்டபோது நியாயமாக இருந்த சட்டம் காலப்போக்கில் அநியாயமாகலாம். ஆனாலும் ரத்து செய்யவில்லை. சட்டத்தின் ஆயுள் சில மாதங்களில் முடிய இருந்ததால் விட்டுவிட்டது.

நம்மூர்க் கதை இதற்கு நேர் எதிர். தமிழ்நாட்டில் மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகை கொடுத்த குடும்பங்களுக்குப் பாதுகாப்பே கிடையாது. கடைக்காரர்களுக்கோ அப்படி ஒரு வரம்பு இல்லை. 1973-ல் 400 பெரிய பணம், பின்னால் அப்படியா? 1986-ல் ரத்தன் ஆர்யா வழக்கில் அந்த விதி அடிபட்டது. ஆக, விலைவாசி ஏறும்போது சட்டத்தில் எழுதிய எண் அசையாமல் நின்றால் ஓர் ஊரில் வீட்டுக்காரர் அழுகிறார், இன்னோர் ஊரில் குடித்தனக்காரர் அழுகிறார்.

வாடகையை நிறுத்தி வைப்பதில் இன்னொரு தொல்லை. வரும் பணம் ஓட்டை மாற்றவே போதாது என்றால் யார் பழுது பார்ப்பார்கள்? மாமா கடையில் மழைக்கு வாளி வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். இங்கே வெளிநாட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு, ஊரில் வீட்டை வாடகைக்கு விடப் பயந்து பூட்டி வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இரண்டு பக்கமும் புரியும்.

கர்நாடகம் 1999-ல் புதுச் சட்டம் இயற்றியது; 2001 டிசம்பர் 31-ல் நடைமுறைக்கு வந்தது. வாடகைதாரர் இறந்தால் கூடவே வாழ்ந்த வாரிசுக்கு ஐந்து வருடம்தான் உரிமை. கடைகளில் 14 சதுர மீட்டருக்கு உட்பட்டவற்றுக்கு மட்டுமே பாதுகாப்பு. அதாவது சுமார் 150 சதுர அடி. பெட்டிக்கடை, தையல் கடை, வளையல் கடை எல்லாம் தப்பித்தன. மாமா கடை அதைவிடப் பெரிசு. அந்த அம்மா அதற்குள் காலமாகிவிட்டிருந்தார்.