கஞ்சி காய்ச்சாத லாம்பெத் தாய்மார்

ஏழை வீட்டுக் குழந்தை இறந்துபோனால் அதற்கு அதன் தாயின் அறியாமையே காரணம் என்று கூறும் வழக்கம் இங்கிலாந்தில் ஒரு காலத்தே ஆழ வேரூன்றியிருந்தது. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது, அந்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ 150 குழந்தைகள் முதலாண்டு நிறைவுறுமுன் மாண்டன. தன் ஆட்சிப் பரப்பில் கதிரவன் மறைவதில்லை என்று பெருமை பேசிய நாட்டின் நிலை அது. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போருக்கு ஆள் சேர்த்தபோது, தொழில் நகரங்களிலிருந்து வந்த இளைஞர் பலர் உடற்தகுதி இன்மையால் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆட்சியாளர் திடுக்கிட்டனர். விசாரணைக் குழுவொன்று அமைக்கப்பெற்று, 1904-இல் அறிக்கை தந்தது. வீட்டு நெருக்கடி, உணவுக் குறைவு, புகை மண்டிய காற்று என எத்தனையோ அதில் பேசப்பட்டன. ஆயினும் மேல்தட்டினர் செவியில் நன்கு ஏறியது, தாய்மாருக்குச் சமைக்கவும் பிள்ளை வளர்க்கவும் தெரியவில்லை என்னும் ஒன்றே.

அதன் பின்னர் அறிவுரைகள் பெருகின. தாய்மார்க்கெனப் பள்ளிகள் திறக்கப்பட்டன. வசதி படைத்த சீமாட்டிகள் வீடு வீடாகச் சென்று போதித்தனர். சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். கைக்குழந்தையைத் தனியே உறங்க வைக்க வேண்டும். ரொட்டியையும் தேநீரையும் விடுத்துக் கஞ்சியும் பாலும் கொடுக்க வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் தவறான அறிவுரை அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுதல் முறை. கேட்டவர்களும் இவற்றை மறுத்துப் பேசவில்லை. பிறகு ஏன் செய்யவில்லை?

இக்கேள்விக்கு விடை காண முயன்றவர் மாட் பெம்பர் ரீவ்ஸ் என்னும் அம்மையார். ஆஸ்திரேலியாவில் பிறந்து, நியூசிலாந்தில் பெண்கள் வாக்குரிமைக்குப் பாடுபட்டு, பின்னர் கணவருடன் லண்டனில் குடியேறியவர். ஃபேபியன் சங்கத்தின் மகளிர் குழுவைச் சேர்ந்த அவரும் தோழியரும் 1909 முதல் 1913 வரை, தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள லாம்பெத் பகுதியில் சில பத்துக் குடும்பங்களை வாரந்தோறும் சென்று கண்டனர். பிள்ளைப்பேற்றுக்கு முன் மூன்று மாதமும் பின் ஓராண்டும் தாய்க்குச் சத்துணவு அளிப்பதும், குழந்தையின் எடையைக் குறித்து வருவதும் அவர்கள் திட்டம். அத்துடன், வீட்டுச் செலவை ஒவ்வொரு பென்னிக்கும் கணக்கெழுதித் தருமாறு அப்பெண்களைக் கேட்டனர்.

அவர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் பிச்சையெடுப்போரோ குடிகாரர்களோ அல்லர். வண்டியோட்டிகள், கூலியாட்கள் போன்ற ஒழுங்கான உழைப்பாளிகளின் குடும்பங்கள். வாரக் கூலி 18 ஷில்லிங்கிலிருந்து 30 ஷில்லிங் வரை. 20 ஷில்லிங் கொண்டது ஒரு பவுன். ஆகவேதான் 1913-இல் அவர் வெளியிட்ட நூலுக்கு, வாரம் ஏறத்தாழ ஒரு பவுன் என்னும் பொருள்படும் தலைப்பு அமைந்தது.

கஞ்சி விஷயத்துக்கு வருவோம். அங்கே கஞ்சி என்பது ஓட்ஸ் தானியத்தைக் காய்ச்சிப் பாலும் சர்க்கரையும் சேர்த்து உண்பது. விலை மலிவு, சத்து மிகுதி. அறிவுரையாளர் கண்ணுக்கு இதைவிடச் சிறந்த காலையுணவு தென்படவில்லை. லாம்பெத் தாய்மாரோ இதனைக் காய்ச்ச மறுத்தனர். சோம்பல் என்றனர் சிலர். அம்மையார் அடுப்படியில் அமர்ந்து கேட்டார்; விடை கிடைத்தது.

நோன்புக் கஞ்சி காய்ச்சிப் பழகிய நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கஞ்சிக்குப் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அயர்ந்தால் அடிப்பிடித்துவிடும். லாம்பெத்து வீட்டில் இருந்ததோ பெரும்பாலும் ஒரே பழம் பாத்திரம். நேற்று மீனோ குழம்போ வெந்த பாத்திரத்தில் இன்று கஞ்சி. கையில் ஒரு குழந்தை, காலைச் சுற்றி மூன்று குழந்தைகள், அடுப்பிலோ அளந்து போட்ட நிலக்கரி. கஞ்சி தீய்ந்தது. தீய்ந்த கஞ்சியைப் பாலும் சர்க்கரையும் இன்றி உண்ணக் குழந்தைகள் மறுத்தனர். வேலைக்குச் செல்லும் கணவன் தொடவில்லை. வீணான உணவுக்கு ஈடாக வேறு வாங்கக் காசில்லை. ரொட்டிக்கு அடுப்பு வேண்டாம், பாத்திரம் வேண்டாம், தட்டுக்கூட வேண்டாம். வெட்டிக் கையில் கொடுத்தால் பிள்ளை வாசற்படியில் அமர்ந்து தின்றுவிடும். இந்தக் கணக்கில் எங்கே அறியாமை இருக்கிறது?

பாலின் கதை இன்னும் கொடிது. ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்று மேல், பசும்பால் வாங்கினால் வாரத்துக்கு 1 ஷில்லிங் 2 பென்ஸ் ஆகும். வாடகை, நிலக்கரி, விளக்கு ஆகியவற்றுக்குப் போக எஞ்சியதைத் தலைக்குப் பங்கிட்டால், ஒருவர் ஒரு நாள் உண்பதற்கு மூன்று பென்ஸ் தேறுவதே அரிது. ஒரு பிள்ளையின் பாலுக்கே இரண்டு பென்ஸ் போனால் மற்றவர் நிலை என்ன? ஆகவே தகரக் குவளையில் விற்கும் ஆடை நீக்கிய இனிப்புப் பாலை வாங்கினர். குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்று அக்குவளையின் மேலேயே அச்சிடப்பட்டிருந்தது. படிக்கத் தெரிந்த தாயும் அதைத்தான் வாங்கினாள்.

வாடகையைப் பற்றி அம்மையார் எடுத்துக்காட்டும் ஒப்பீடு சிந்திக்கத்தக்கது. ஆண்டுக்கு 2,000 பவுன் வருவாய் உடைய செல்வர் தம் வருவாயில் எட்டில் ஒரு பங்கை வீட்டுக்குச் செலவிடுகிறார். வாரம் 24 ஷில்லிங் பெறும் கூலியாளோ 8 ஷில்லிங்கை, மூன்றில் ஒரு பங்கை, ஈரம் கசியும் இரண்டு மூன்று அறைகளுக்குக் கொடுத்துவிடுகிறான். செல்வர் நிலக்கரியை டன் கணக்கில் மலிவாக வாங்குவார். ஏழை, வைக்க இடமும் மொத்தமாய்க் கொடுக்கப் பணமும் இன்றிச் சிறுகச் சிறுக வாங்கி, ஒவ்வோர் அந்தருக்கும் கூடுதல் விலை தருவான். வறுமையில் வாழ்வது செலவு மிக்க காரியம்.

இவற்றினூடே ஒரு செலவு மட்டும் தவறாது இடம்பெற்றது: பிள்ளைகளுக்கான சாவுக் காப்பீடு. தலைக்கு வாரம் ஒரு பென்னி அளவில், பால் குறைந்தாலும் அது குறையவில்லை. அந்தப் பென்னிக்குப் பால் வாங்கினால் என்ன என்று சீமாட்டிகள் கடிந்தனர். காப்பீடு இல்லாத வீட்டில் குழந்தை இறந்தால், அடக்கச் செலவுக்குக் கடன் வாங்க வேண்டும். இல்லையேல் ஊராட்சிப் பிச்சையில் புதைக்க வேண்டும். அக்கடன் உயிரோடுள்ள பிள்ளைகளின் உணவிலிருந்தே அடைபடும். தன் பிள்ளைகளுள் ஒன்றேனும் சாகும் என்று கணக்கிட்டு வாரந்தோறும் பென்னி கட்டிய அத்தாயின் உள்ளத்தை எண்ணிப் பார்க்கையில், இக்கணக்கேடுகளை மேற்கொண்டு படிக்க மனம் வருவதில்லை.

லாம்பெத்திலிருந்து வடக்கே செல்வோம். ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் என்பது வடகிழக்கு இங்கிலாந்தின் தொழில் நகரம். அந்நகரின் சுகாதார அலுவலர் டாக்டர் மக்கோனிகிள் கடமையில் கண்ணுங் கருத்துமானவர். 1927-இல் நகரசபை ஒரு சேரியை இடித்து, அங்கிருந்த 152 குடும்பங்களை, 710 பேரை, மவுண்ட் பிளெசன்ட் என்னும் புதுக் குடியிருப்புக்கு மாற்றியது. குளியலறை, நல்ல காற்று, ஒழுங்கான சாக்கடை எல்லாம் அங்கே உண்டு. இனி நோய் குறையும் என்றே எவரும் எண்ணுவர். டாக்டரும் அப்படித்தான் எண்ணியிருப்பார்.

ஐந்தாண்டு கழித்துக் கணக்கெடுத்தார். பழைய சேரியில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 23 ஆக இருந்த இறப்பு விகிதம், வயது வேறுபாட்டைச் சரிசெய்து பார்த்தபோது, புது வீடுகளில் 33-ஐத் தாண்டியிருந்தது. இடிபடாமல் எஞ்சிய ஆற்றோரச் சேரியிலோ 26-லிருந்து 23-க்குக் குறைந்திருந்தது. தொற்றுநோயா? இல்லை. வீட்டில் குறையா? இல்லை. ஒவ்வொன்றாக ஆராய்ந்து விலக்கிய பின் எஞ்சியது ஒன்றே. புது வீட்டின் வாடகை பழையதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. வேலையின்மை தலைவிரித்தாடிய ஆண்டுகள் அவை. கூடிய வாடகை உணவிலிருந்து பறிபோயிற்று. 1936-இல் வறுமையும் பொதுநலமும் பற்றி அவர் கர்பியுடன் இணைந்து எழுதிய நூலில் இவ்விவரங்கள் உள. எழுநூற்றுப் பத்துப் பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இவ்வொன்றையே வைத்து முடிவு கட்டிவிடலாகாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயினும் அதே 1936-இல் ஜான் பாய்ட் ஆர் வெளியிட்ட ஆய்வும் அதே திசையையே காட்டிற்று. ஏழ்மை மிக்க பிரிவினர் தலைக்கு வாரம் 1.8 பைண்ட் பால் அருந்தினர், செல்வர் 5.5 பைண்ட் அருந்தினர். பால் நல்லது என்பதை இரு சாராரும் அறிந்தே இருந்தனர்.

இதற்குச் சோதனைபோல் வந்தது போர். 1940-இல் பங்கீடு வந்தது. கருவுற்ற பெண்டிர்க்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் குறைந்த விலையிலும், இல்லாதார்க்கு இலவசமாகவும் பால் வழங்கப்பட்டது. வேலையின்மை மறைந்தது. குண்டுகள் விழுந்த அந்த ஆண்டுகளிலேயே, 1941-இல் ஆயிரத்துக்கு 60 ஆக இருந்த குழந்தை இறப்பு 1945-இல் 46 ஆயிற்று. தாய்மார் திடீரென்று அறிவு பெற்றுவிட்டார்கள் என்று அப்போது எவரும் சொல்லக் காணோம்.

1948-இல் அனைவர்க்கும் இலவச மருத்துவம் வந்தது. இத்துடன் ஏற்றத்தாழ்வு தீர்ந்தது என நம்பினர். தீரவில்லை. புகைப்பழக்கத்தையே காணலாம். அது புற்றுநோய் தரும் என்று 1950-இல் ஆய்வாளர் நிறுவினர். 1962-இல் மருத்துவக் கல்லூரி அறிக்கை நாடெங்கும் பரவியது. ஒரு காலத்தில் எல்லா வகுப்பினரும் ஏறக்குறைய ஒரே அளவில் புகைத்தனர். அறிவுரை கேட்டு விட்டவர் முதலில் மேல்வகுப்பினர். கூலியாளர் மிகப் பின்தங்கினர். ஆக, அறிவுரை பயனற்றது என்பதற்கில்லை. வசதியுள்ளவர்க்கு அது முதலில் பயன்படுகிறது. இடைவெளி அதனாலேயே அகன்றும் விடுகிறது.

புகையை மட்டும் குறை கூறியும் தப்ப முடியாது. லண்டன் அரசு அலுவலகங்களில் பணியாற்றிய ஏறத்தாழ 18,000 ஆடவரை 1967 முதல் ஆராய்ந்தனர். எவரும் பட்டினி கிடந்தவரல்லர். எல்லார்க்கும் நிலையான வேலை உண்டு. எனினும் கடைநிலைப் பணியாளரிடையே இதயநோய்ச் சாவு உயர் அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கும் மேலிருந்தது. புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்தும் அவ்வேறுபாட்டின் ஒரு பகுதியே விளங்கிற்று.

இப்பின்னணியில் 1976-இல் பிரிட்டிஷ் அரசு, நோய்த்தடுப்பு ஒவ்வொருவரின் பொறுப்பு எனக் கூறும் நூலொன்றை வெளியிட்டது. அடுத்த ஆண்டே, நலத்தில் நிலவும் ஏற்றத்தாழ்வை ஆராய சர் டக்ளஸ் பிளாக் தலைமையில் குழு அமைத்தது. 1980-இல் அறிக்கை ஆயத்தமாயிற்று. உடலுழைப்புக் கூலியாளரின் இறப்பு விகிதம் உயர்தொழிலினரைப்போல் இரண்டரை மடங்கு என்றது; குழந்தைகளுக்கு உதவித்தொகை, பள்ளி உணவு, வீட்டு வசதி ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. இடையில் ஆட்சி மாறியிருந்தது. செலவு மிகுதி, நடைமுறைக்கு ஒவ்வாதது என முன்னுரையிலேயே அமைச்சர் எழுதிவிட்டார். ஆகஸ்டு விடுமுறை நாளையொட்டி, தட்டச்சுப் பிரதிகளாக 260 படிகள் மட்டும் வெளியிடப்பட்டன. 1982-இல் பெங்குவின் நிறுவனம் அதனை நூலாக்கிய பின்னரே பொதுமக்கள் கைக்கு எட்டியது.

2010-இல் சர் மைக்கேல் மார்மட் தந்த அறிக்கையில், இங்கிலாந்தின் வறிய பகுதிகளில் வாழ்வோர் செல்வர் பகுதியினரைவிடச் சராசரியாக ஏழாண்டு முன்னதாக இறப்பதாகக் கண்டார். பத்தாண்டு கழித்து, 2020-இல், மீண்டும் பார்த்தார். மிக வறிய பகுதிகளின் பெண்களுக்கு ஆயுள் முன்பிருந்ததினும் சற்றே குறைந்திருந்தது.