பெரு நாட்டுப் பூச்சி ராயக்கோட்டைக்கு வந்த கதை

ராயக்கோட்டை மண்டியில் தக்காளி வாங்குகிறவர் நிறத்தைப் பார்ப்பதோடு விடமாட்டார். பழத்தைத் திருப்பிக் காம்படியையும் பார்ப்பார். அங்கே ஊசி குத்தியதுபோல் துளை தெரிந்தால் பெட்டி விலை சரிந்துவிடும். துளை போட்டது தக்காளி ஊசிப்புழு. அரை அங்குலம்கூட நீளமில்லாத ஒரு சாம்பல்நிற அந்துப்பூச்சியின் குழந்தை.

இந்தப் பூச்சிக்கு அறிவியலில் பிறந்த ஆண்டு 1917. ஊர், பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையிலுள்ள உவாங்காயோ. பெயர் வைத்தவர் எட்வர்ட் மெய்ரிக். இங்கிலாந்தில் மால்பரோ கல்லூரி என்ற பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அவர். பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் உலகெங்கும் இருந்து வந்த பொடிப்பூச்சிகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டே இருந்தார். பத்தாயிரத்துக்கும் மேல் வைத்திருக்கிறார். தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி 1914-இல் நூல் எழுதிய பெயின்பிரிக் ஃப்ளெட்சர், நம் பக்கத்துப் பூச்சிகளையும் அவருக்குத்தான் அனுப்பினார். பெருவிலிருந்து வந்த பூச்சிக்கு மெய்ரிக் இட்ட பெயர் ஃப்தோரிமியா அப்சொல்யூட்டா. அது தக்காளியைத் தின்னும் என்றோ, நூறு ஆண்டுக்குள் கண்டம் தாண்டும் என்றோ அவருக்கு எப்படித் தெரியும்?

மெய்ரிக்கிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. சிறகின் நரம்பமைப்பை நம்பினார். பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை அறுத்துப் பார்த்து இனம் பிரிக்கும் புது முறையை ஒதுக்கினார். ஊசிப்புழுவின் குடும்பத்தில் அது வில்லங்கமான நிலைப்பாடு. ஜெலிக்கியிடே என்ற இந்தக் குடும்பத்தின் உறவினர்கள் எல்லாரும் நமக்குத் தெரிந்தவர்கள்தான். நெல் மூட்டையில் பறக்கும் அந்துப்பூச்சி, பருத்திக் காயின் இளஞ்சிவப்புப் புழு, நிலக்கடலைச் சுருள்பூச்சி, உருளைக்கிழங்கு அந்துப்பூச்சி. தலைக்கு முன்னால் மேல்நோக்கி வளைந்த உதட்டுணரி, கூர்நுனியுள்ள பின்சிறகு, அதன் ஓரத்தில் நீண்ட மயிர்விளிம்பு. வெறுங்கண்ணுக்கு இவர்களில் பாதிப்பேர் ஒரே அச்சு.

இவர்களில் ஊசிப்புழுவோடு அதிகம் குழப்பக்கூடியது உருளைக்கிழங்கு அந்துப்பூச்சி. 1906 வாக்கில் இத்தாலிய விதைக்கிழங்கோடு பம்பாயில் இறங்கிய அதுவும் தக்காளி, கத்தரி, புகையிலையைத் தொடும். இரண்டுக்கும் சாம்பல் சிறகு, கறுப்புப் புள்ளி. வளர்ந்த பூச்சியில் ஐயமறத் தெரிய வேண்டுமானால் ஆண் பூச்சியின் வயிற்று நுனியை அறுத்து, நுண்ணோக்கியில் அதன் பிடிப்பான்களைப் பார்க்க வேண்டும். ஊசிப்புழுவில் அவை விரல் வடிவில் இருக்கும். புழுவில் வேலை எளிது. தலைக்குப் பின்னாலுள்ள முதல் வளையத்தைப் பாருங்கள். உருளைக்கிழங்குப் புழுவில் அந்தத் தகடு முழுக்கக் கருமை. ஊசிப்புழுவில் தகடு வெளிறியிருக்கும், பின்னோரத்தில் மட்டும் குறுகிய கறுப்புப் பட்டை. ஒரு கைலென்ஸ் போதும்.

மெய்ரிக் வைத்த பெயரும் நிலைக்கவில்லை. செக் நாட்டு அறிஞர் தாலிபோர் பொவோல்னி 1964-இல் அதை ஒரு பேரினத்தில் சேர்த்தார், 1987-இல் இன்னொன்றில், 1994-இல் டூட்டா என்ற மூன்றாவதில். உலகம் டூட்டா அப்சொல்யூட்டா என்று பழகிய பிறகு, 2021-இல் சாங், மெட்ஸ் என்ற இருவர் உடலமைப்புக் கூறுகளை மறுபடி அலசி, மெய்ரிக் வைத்த பேரினமே சரி என்று பழைய வீட்டுக்கே கொண்டுபோய் விட்டார்கள். அது உருளைக்கிழங்கு அந்துப்பூச்சி இருக்கும் வீடு. தான் ஒதுக்கிய முறையின் உதவியோடே வாத்தியார் சொன்னது நிரூபணமானது வேடிக்கைதான். மருந்துக் கடையில் இன்னும் டூட்டாதான்.

பூச்சி கடல் தாண்டியது 2006-இல். ஸ்பெயினில் முதலில் தென்பட்டது. ஐரோப்பாவில் பரவிய கூட்டம் முழுவதும் நடுச் சிலியிலிருந்து ஒரே தடவை வந்து இறங்கிய கூட்டத்தின் வாரிசு என்று மரபணு ஆய்வு 2015-இல் காட்டியது. இந்தியாவில் 2014 அக்டோபரில் புணே பக்கம் தென்பட்டது, தொடர்ந்து கர்நாடகத்தில், பிறகு தர்மபுரி, கிருஷ்ணகிரி வயல்களில். ஒரு பெண் பூச்சி இருநூற்றைம்பதுக்கு மேல்கூட முட்டையிடக்கூடும். வெயில் காலத்தில் மாதத்துக்கு ஒரு தலைமுறை. கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளி சோதனைச்சாவடி லாரியை நிறுத்தலாம், பூச்சியை நிறுத்தாது. கோலார் தக்காளியும் ஓசூர் தக்காளியும் ஒரே சாலையில்தான் போகின்றன. காலிப் பெட்டிகளும் குழித்தட்டு நாற்றுகளும் எல்லையின் இரண்டு பக்கமும் புழங்குகின்றன.

இதையெல்லாம் விவசாயி ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? இலையில் வெள்ளைக் கோடு கண்டதும் "பூச்சி விழுந்துடுச்சு" என்று மருந்து வாங்கப் போகிறோம். அந்தக் கோடு 1990-களில் இருந்தே இங்குள்ள இலைத்துளைப்பான் ஈயின் வேலையாக இருக்கலாம். ஈக்கு அடித்த மருந்தால் ஊசிப்புழு சாக வேண்டும் என்பதில்லை. ஊசிப்புழுவும் லேசுப்பட்டதல்ல, தென் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல மருந்து வகைகளுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டது. கண்மூடித்தனமாக அடித்தால் அதைத் தின்னும் நன்மைப் பூச்சிகள்தான் முதலில் போகும். இனக்கவர்ச்சிப் பொறியும் அப்படியே: இந்தப் பூச்சியின் வாசனை 1990-களில் கண்டுபிடிக்கப்பட்டது, அந்த வாசனை அடைத்த குப்பி இந்த ஆண் பூச்சிக்குத்தான். வேறு குப்பியை மாட்டினால் பணம் வீண்.

அதனால் கடைக்குப் போகும் முன் இலையை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். வளைந்து வளைந்து ஓடும் மெல்லிய கோடா, தலையும் காலும் இல்லாத புழுவா? ஈ. அகலமான வெளிறிய திட்டா, உள்ளே கழிவு குவிந்து, கறுத்த தலையும் கால்களும் உள்ள புழுவா? ஊசிப்புழு. சந்தேகம் என்றால் அந்த இலையைக் கிள்ளி, எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போங்கள்.