மாரியம்மனைப் பற்றி எழுதிய ஜெர்மானியர்

பேராக்கின் பாகான் செராய் வட்டாரத் தோட்டங்களின் கதையில் முதலில் வருவது கரும்பு, பால்மரம் பிறகுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள் இந்த வட்டாரம் அடங்கிய கிரியான் மாவட்டக் கரும்புத் தோட்டங்களுக்கும் வந்தார்கள். மாரியம்மனும் காளியும் ஐயனாரும் அவர்களுடனே வந்தார்கள். இந்தச் சாமிகளை ஊர்ச்சனங்கள் எப்படிக் கும்பிட்டார்கள் என்பதற்குப் பழைய எழுத்துச் சான்று தேடினால், நாகைக்கு வடக்கே தரங்கம்பாடியில் வாழ்ந்த ஒரு ஜெர்மானியரிடம் போய் நிற்கிறோம்.

பார்த்தலோமேயு சீகன்பால்கு 1682 ஜூலை 10 அன்று சாக்சனியின் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தார். ஹாலேயில் சமயக் கல்வி பயின்றார். உடல்நலம் கெட்டதால் படிப்பு பாதியில் நின்றது. டென்மார்க் அரசர் அனுப்பிய மதபோதகராகத் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு 24 வயது நிறைய ஒரு நாள் பாக்கி. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்து பழகினார். இரண்டே ஆண்டுகளில், தாம் திரட்டிய தமிழ் ஏடுகளுக்கு ஒரு விளக்கப் பட்டியலே எழுதிவிட்டார். தரங்கம்பாடியின் டேனியத் தளபதி அவரை நான்கு மாதம் சிறையில் வைத்ததும், 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியதும் பலர் அறிந்தவை.

என் மனம் தங்குவது 1713இல் அவர் எழுதி முடித்த நூலில். தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி அது, நான்கு பகுதிகள். மூன்றாம் பகுதி முழுவதும் கிராம தேவதைகளுக்கு: ஐயனார், எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பத்திரகாளி, பிடாரி. உருவம் எப்படி, கோயில் எப்படி, என்ன பலி, எப்போது திருவிழா என்று ஒவ்வொன்றாக விசாரித்து எழுதியிருக்கிறார். ஏடுகள் மட்டும் போதும் என்று அவர் நினைக்கவில்லை. தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, பதில் கடிதங்கள் வாங்கினார். அவற்றின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு ஹாலேயில் அச்சாயிற்று. தமிழ் மூலம் நமக்குக் கிடைக்கவில்லை. பெரிய இழப்பு இது. முந்நூறு ஆண்டுக்கு முந்தைய நம்மவர் தம் சாமியைப் பற்றித் தம் வாயால் சொன்னதை இன்று ஜெர்மன் வழியாகத்தான் கேட்கிறோம்.

அவர் மதம் மாற்ற வந்தவர். கிராம தேவதைகளைப் பேய்களோடு சேர்த்தே பார்த்தார். அந்தப் பார்வை நூலெங்கும் உண்டு. ஆனாலும் கேட்டதைக் கேட்டபடி குறித்துவைக்கும் பொறுமை அவரிடம் இருந்தது. ஹாலேயில் இருந்த மிஷன் மேலாளர்களோ புறச்சமயச் செய்திகள் நிறைந்த இந்த நூலை அச்சிட விரும்பவில்லை. 1719 பிப்ரவரியில், 36 வயதில், சீகன்பால்கு இறந்தார். கைப்பிரதி கிடந்தது. வில்ஹெல்ம் ஜெர்மான் அதைச் சென்னையில் அச்சிட்டபோது ஆண்டு 1867. அந்தப் பதிப்பில் திருத்தங்கள் புகுந்திருந்தன. மூலப் பிரதியை ஒட்டிய பதிப்பை டேனியல் ஜெயராஜ் 2003இல் கொண்டுவந்தார்.

கிரியானில் கரும்பு போய்ப் பால்மரம் வந்தது. அதுவும் போய்ச் செம்பனை நிற்கிறது. லயங்கள் காலியாகும்போது தோட்டக் கோயிலும் இடம் மாறுகிறது, அல்லது மறைகிறது. அந்தச் சாமி எந்த ஊரிலிருந்து வந்தது, முதல் பூசாரி யார், கிடா வெட்டு எப்போது நின்றது என்பதெல்லாம் முதியவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. அலோர் பொங்சு, செமாங்கோல், கோலா குராவ் பக்கத்து வாசகர்கள் தங்கள் தோட்டக் கோயிலைப் பற்றி, சொன்னவர் பேச்சு மாறாமல், எழுதி அனுப்புங்கள். வரும் வாரங்களில் அவற்றை இத்தொடரில் வெளியிடுவோம்.