லக்கல வரை வந்த கீறல்

1988 டிசம்பரில், பிரேசிலின் சாவோ பாலோ நகரில், சில்வானோ ராயா என்ற சத்திரசிகிச்சை நிபுணர் ஓர் இளம் தாயின் வயிற்றைத் திறந்தார். அந்தத் தாய்க்கு எந்த நோயும் இருக்கவில்லை. அவருடைய ஈரலில் ஒரு துண்டு, சாகக் கிடந்த அவருடைய மகளுக்குத் தேவைப்பட்டது. குழந்தை சில நாட்களில் இறந்துபோனது. ஆனால் உயிரோடிருப்பவரின் ஈரலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கீறல் அன்று பிறந்துவிட்டது.

அடுத்த ஆண்டு ஜூலையில் அது பிரிஸ்பேன் போய்ச் சேர்ந்தது. அங்கே ரசல் ஸ்ட்ரோங் ஒரு ஜப்பானியத் தாயின் ஈரலில் ஒரு பகுதியை அவருடைய மகனுக்குப் பொருத்தினார், பிள்ளை பிழைத்தது. நவம்பரில் சிக்காகோ. கிறிஸ்டோப் பிரோல்ஷ் குழுவினர் செய்த அந்தச் சிகிச்சையிலும் குழந்தை பிழைத்தது. ஆனால் ஈரலை வெட்டும்போது தாயின் மண்ணீரல் காயப்பட்டு, அதையும் அகற்ற நேர்ந்தது. கொடுப்பவரும் இழக்கக்கூடும் என்ற உண்மை தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து இந்தக் கீறலின் வரலாறு, கொடையாளியை எப்படி முழுமையாகத் திருப்பி அனுப்புவது என்று கற்றுக்கொண்ட வரலாறுதான்.

குழந்தைக்குக் கொடுப்பது ஓரளவு எளிது. இடப்பக்கத்துச் சிறு பகுதி, ஏறத்தாழ ஈரலின் ஐந்தில் ஒரு பங்கு, போதும். வளர்ந்தவருக்கு அது காணாது. 1993இல் ஜப்பானின் மட்சுமோட்டோவில் மசடோஷி மகுச்சி இடது மடல் முழுவதையும் எடுத்து வளர்ந்த ஒருவருக்குப் பொருத்தினார். 1996இல் ஹொங்கொங் குவீன் மேரி வைத்தியசாலையில் ஃபான் ஷியுங் டாட் குழுவினர் வலது மடலையே எடுத்தார்கள். அது ஈரலில் அறுபது சதவீதத்துக்கும் மேல். பெற்றவர்கள் பிழைத்தார்கள், கொடுத்தவர்களின் சுமை கூடியது.

அந்தச் சுமையின் முதல் கணக்கு, உள்ளே எவ்வளவு மிஞ்சுகிறது என்பது. கொடையாளியிடம் குறைந்தது முப்பது முதல் முப்பத்தைந்து சதவீதம் ஈரல் இருக்க வேண்டும் என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை. அதனால்தான் முன்கூட்டியே சீ.டீ. ஸ்கேன் எடுத்துக் கன அளவு பார்க்கிறார்கள். ஈரலில் கொழுப்புப் படிந்திருந்தால் அந்தச் சதவீதத்தையும் நம்ப முடியாது. வெட்டிய மடல் மீண்டும் முளைப்பதில்லை. மிஞ்சிய பகுதியே பருத்து வேலையை ஏற்கிறது. வளர்ச்சியின் பெரும்பங்கு முதல் மூன்று மாதங்களில் நடந்து முடிகிறது.

இரண்டாவது கணக்கு ஒரு நாளத்தைப் பற்றியது. வலது இடது மடல்களின் எல்லையில் நடு ஈரல் நாளம் ஓடுகிறது. அதை வலது மடலோடு எடுத்தால் பெறுபவருக்கு இரத்தம் நன்றாக வடியும். விட்டுவைத்தால் கொடுப்பவரின் மிஞ்சிய ஈரலுக்குப் பாதுகாப்பு. ஹொங்கொங் குழு எடுத்தது. பல குழுக்கள் விட்டுவைக்கின்றன. ஒரே நாளத்தில் இரண்டு உயிர்களின் நலனும் இருக்கிறது. இரண்டில் ஒன்றை விட வேண்டி வந்தால், நோயில்லாமல் வந்தவரின் பக்கம் நிற்பதே அறம் என்று நான் நம்புகிறேன்.

மூன்றாவது, பித்தக் குழாய். கொடையாளிகளை அதிகம் தொல்லைப்படுத்துவது பித்தக் கசிவு. குழாயைச் சற்றுத் தள்ளி வெட்டினால், கொடையாளியிடம் மிஞ்சும் குழாய் பின்னாளில் சுருங்கும். ஆளுக்கு ஆள் அதன் கிளைகள் வேறுபடுவதால், வெட்டுமுன் சாயம் செலுத்திப் படமெடுத்து இடம் குறிக்கிறார்கள். இரத்த இழப்பைக் குறைக்க, கேளா ஒலியால் ஈரல் திசுவை மட்டும் கரைத்து, நாளங்களைத் தனியே காட்டும் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். இரத்தம் ஏற்ற வேண்டியில்லாமல் முடிந்த சிகிச்சை, கொடையாளி நன்றாக எழும்புவார் என்பதற்கு நல்ல அறிகுறி.

நான்காவது, வெளியே தெரியும் தழும்பு. ஆரம்பத்தில் விலா எலும்புக்குக் கீழே வயிற்றுத் தசைகளைக் குறுக்காக அறுத்துத்தான் உள்ளே போனார்கள். வலியால் ஆழ மூச்செடுக்க முடியாமல் நுரையீரலில் சளி கட்டும். பிறகு தழும்பின் வழியே குடலிறக்கம் வரும். மேல்வயிற்றின் நடுக்கோட்டில் மட்டும் கீறினால் தசை அறுபடாது. 2002இல் பாரிஸில் டானியல் ஷெர்கி குழுவினர், குழந்தைகளுக்கான இடப்பகுதியைச் சிறு துளைகள் வழியே லப்பரஸ்கொப்பி முறையில் எடுத்துக் காட்டினார்கள். பிறகு சியோலும் ரியாத்தும் இதில் தேர்ந்தன. ரோபோக் கரங்களும் வந்தன. எடுத்த துண்டை அடிவயிற்றில், சிசேரியன் இடத்துக்குக் கிட்ட, ஒரு கீறல் வழியே வெளியே கொண்டுவருகிறார்கள். வலி குறைவு, வீடு திரும்புவதும் விரைவு. ஆனால் உள்ளே ஈரலில் விழும் வெட்டு அதே அளவுதான். தழும்பு சிறிதென்பதால் சிகிச்சையும் சிறிதென்று குடும்பத்தார் எண்ணிவிடக் கூடாது.

அதே 2002 ஜனவரியில் நியூயோர்க்கில், தன் சகோதரனுக்கு ஈரல் கொடுத்த ஒருவர் மூன்றாம் நாள் இறந்தார். சிகிச்சைக்குப் பிந்திய கவனிப்பில் குறை இருந்ததை மாநில சுகாதாரத் திணைக்களம் சுட்டிக்காட்டியது. அவர் இறந்த வைத்தியசாலையில் அந்தச் சிகிச்சை தற்காலிகமாக நிறுத்தப்பட்டது, கொடையாளிகளுக்கான விதிகள் இறுகின. கத்தி ஓய்ந்த பிறகு விழித்திருக்கும் தாதிகளும் வைத்தியர்களும் சத்திரசிகிச்சையின் பகுதியே என்பது அப்போது உறைத்தது.

தமிழர் வீட்டுக்கு இந்தக் கீறல் முன்பே வந்திருந்தது. 1998 நவம்பரில், பித்தக் குழாய் அடைபட்டுப் பிறந்த காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு டெல்லி அப்போலோவில் தந்தையின் ஈரல் பொருத்தப்பட்டது. இந்தியாவில் குழந்தைக்குச் செய்து வெற்றிகண்ட முதல் ஈரல் மாற்று அது. அந்தப் பிள்ளை வளர்ந்து வைத்தியப் படிப்பும் படித்தது. இன்று சென்னையில் முகமது ரேலா போன்றவர்களைத் தேடி வெளிநாடுகளிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். இலங்கையில், ராகமையின் கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலையில், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்த குழு ஈரல் மாற்று செய்கிறது. உறுப்புக் கொடைக்கு இங்கே 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

இனி, மாத்தளை மாவட்டத்தின் லக்கலவிலிருந்து ஒருவர் ராகமைக்குப் போய் ஈரல் கொடுத்துத் திரும்புவதை எண்ணிப் பாருங்கள். மாத்தளையில் இருந்து ரத்தோட்டை, ரிவர்ஸ்டன், இலுக்கும்புர என்று நக்கிள்ஸ் மலையின் வளைவுகளில் ஏறி இறங்கும் வழி அது. பழைய லக்கல நகரம் களுகங்கை நீர்த்தேக்கத்துக்கு இடம்விட, 2019இல் திறந்த புதிய நகரில் மக்கள் குடியிருக்கிறார்கள். நெல்லும் மிளகும்தான் பிழைப்பு. மேசை வேலைக்காரர் ஆறு, எட்டு வாரங்களில் வேலைக்குத் திரும்பலாம். நெல் மூட்டை தூக்குபவர் ஏறத்தாழ மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது. தூக்கினால் தையல் போட்ட வயிற்றுச்சுவர் விட்டுக்கொடுக்கும். கொடையாளி பெண் என்றால் தண்ணீர்க்குடமும் விறகும் அந்தக் கணக்கில் சேரும்.

ஆகவே எந்தக் கீறல், எவ்வளவு ஈரல் என்று தீர்மானிக்கும் கூட்டத்திலேயே கொடையாளியின் ஊரும் தொழிலும் பேசப்பட வேண்டும். காய்ச்சல், கண் மஞ்சளித்தல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, கால் வீக்கம், மூச்சுத் திணறல்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மறுநாளுக்குத் தள்ளக் கூடாது என்பதைக் கொடையாளியின் மொழியில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். என்ன வெட்டப்பட்டது, என்ன மிஞ்சியது என்ற விபரம் கிட்டவுள்ள வைத்தியசாலைக்கும் மாத்தளை பொது வைத்தியசாலைக்கும் போய்ச் சேர வேண்டும். இரத்தப் பரிசோதனைகள் அங்கேயே நடக்கட்டும். ஆண்டுக்கொரு முறை அழைத்துப் பார்க்கட்டும். மூன்று மாத வருமானத்துக்கு ஈடு கிடைக்கட்டும். அது ஈரலுக்கு விலை ஆகாது. கொடுத்தவர் பட்டினி கிடக்காமல் இருக்கும் உரிமை. உறவுக்காக நோயில்லா உடம்போடு சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் போனவர், வயலில் மறுபடி இறங்கும் நாள் வரை நாட்டின் பொறுப்பில்தான் இருக்கிறார்.